மருத்துவமனைத் துணை ஊழியரின் மனச்சுமை: எங்கே ஏறுகிறது, எப்படி இறக்குவது

காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் ஒரு வார்டில் வேலைக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முதலாளி இல்லை. மருத்துவரும் மிஸ்ஸியும் (தாதியும்) அட்டெண்டனும் சுகாதார அமைச்சின் ஆட்கள். தரை துடைப்பவர், அழுக்குத் துணி மூட்டை கட்டுபவர், மருத்துவக் கழிவு எடுப்பவர் எல்லாம் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். வாசலில் நிற்கும் காவலருக்கு வேறொரு நிறுவனம் சம்பளம் போடுகிறது. 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து சேவைகளும் தனியார் கையில் இருக்கின்றன. பினாங்கிலும் இதே ஏற்பாடுதான். மன உளைச்சல் பற்றிய பயிலரங்கு, ஆலோசகர், சுவரொட்டி எல்லாம் பெரும்பாலும் முதல் வகையினரை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. கட்டிலில் நடக்கும் சாவை மட்டும் எல்லாரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள்.

துப்புரவாளர், அட்டெண்டன் போன்ற துணை ஊழியரின் சுமை மருத்துவரின் சுமையைவிடக் குறைந்தது அன்று. அதன் தன்மை வேறு. மருத்துவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. மிஸ்ஸிக்கு நோயாளியின் கோப்பு இருக்கிறது. துடைப்பத்தோடு நிற்பவருக்கு இரண்டும் இல்லை. நோயாளிக்கு மிக அருகில் இருக்கிறார், பேச்சுக் கொடுக்கிறார், என்ன நடக்கிறதென்று மட்டும் தெரியாது. ஆகவே மருத்துவர்களுக்குச் சொல்லும் அறிவுரையை எடுத்து இவருக்குச் சொன்னால் ஒட்டாது.

"ஓய்வு எடுங்கள்" என்பதும் அப்படித்தான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தக் கணக்கில் ஒரு மணி நேர ஓ.டி.க்கு (மிகைநேர வேலைக்கு) ஏறக்குறைய 12, 13 ரிங்கிட் வரும்; எட்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் நூறு ரிங்கிட். வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் அந்த நூறுகளில்தான் ஓடுகின்றன. சட்டம் மாதத்துக்கு 104 மணி நேர ஓ.டி.யை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. எனவே மனத்தைக் கவனிப்பதற்கான வழி எதுவானாலும் அது ஷிப்டுக்குள்ளேயே அடங்க வேண்டும், காசு கேட்கக் கூடாது.

ஷிப்டுக்குள் சட்டப்படி ஏற்கெனவே ஓர் இடைவெளி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதென்றால் நடுவில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். ஆள் மாறாமல் நிற்க வேண்டிய வேலையாக இருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பாட்டுக்கு விட வேண்டும். நடைமுறையில் கெட்டுப்போவது இந்த அரை மணி நேரம்தான். மாடிப்படிக்குக் கீழே, குளோரின் நாற்றமடிக்கும் பொருளறையில், வாட்சப் குழுவில் சூப்பர்வைசரின் செய்தி வந்துகொண்டே இருக்க, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது சாப்பாடுதான், ஓய்வன்று. வார்டு இருக்கும் மாடியை விட்டு இறங்குவது, உட்கார்ந்து சாப்பிடுவது, குழுச் செய்தியை அரை மணி நேரம் மௌனமாக்குவது ஆகிய மூன்றையும் செய்தாலே மூச்சு வாங்க இடம் கிடைக்கும். ஓய்வு கிடைக்காத நாளையும் நேரத்தையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். ஒரு மாதக் குறிப்போடு போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

முடிவு தெரியாத துக்கம்

பத்தாம் கட்டில் தாத்தாவுக்கு மூன்று வாரம் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்திருப்பார். ஒருநாள் விடுப்பு முடிந்து வந்தால் கட்டில் காலி, விரிப்பு புதிது. வீட்டுக்குப் போனாரா, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களா, செத்துப்போனாரா? யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சம். மனம் எப்போதும் கடைசி விடையைத்தான் எடுத்துக்கொள்ளும். இப்படி முடிவு தெரியாத முகங்கள் பத்து, இருபது என்று சேரும்போது, "இனிமேல் யாரிடமும் பேச்சே வேண்டாம்" என்று ஒருவர் மரத்துப்போகிறார். சூப்பர்வைசர் அதைப் பார்த்து "ஆள் நன்றாகப் பழகிவிட்டார்" என்று நினைக்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் வேலைச் சோர்வை, ஒரு நோயாக அன்று, வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்யும் வேலையில் பயனில்லை என்ற எண்ணம். மரத்துப்போவது இதில் இரண்டாவது.

இதற்கு மருந்து மிக மலிவு. வார்டின் மூத்த மிஸ்ஸி, துப்புரவு ஊழியர் கேட்டால் மூன்றில் ஒரு பதிலைச் சொல்லலாம்: வீட்டுக்குப் போனார், இடம் மாறினார், இறந்துவிட்டார். நோயின் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவரும் காரணத்தைத் தோண்டக் கூடாது. இறந்தார் என்று தெரிந்தால் அந்தக் கட்டிலைத் துடைக்கும் வேலையை அவரிடமே விடலாமா, வேறொருவர் செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. சிலருக்குத் தாங்களே துடைத்துச் சுத்தம் செய்வதுதான் ஆறுதல்.

"சொல்லுங்க அக்கா"

தமிழ்த் துணை ஊழியருக்கென்றே உள்ள சுமை ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்தப் பயிலரங்கிலும் பேசுவதில்லை. பத்துக் காஜாவிலிருந்தோ நிபோங் திபாலிலிருந்தோ வந்த, தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்குத் தமிழ் மட்டுமே ஓடும். மருத்துவருக்கோ தமிழ் தெரியாது. பக்கத்தில் துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து, "காக், தோலோங் செகெஜாப்" (அக்கா, கொஞ்சம் உதவுங்கள்) என்று மலாயில் கூப்பிடுகிறார். அடுத்த நிமிடம் அந்தப் பெண் தன் வாயால், "பாட்டி, கால எடுக்கணுமாம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டி பிடித்துக்கொள்வது மருத்துவரின் கையை அன்று, இவர் கையை. "நீ சொல்லும்மா, வேணாம்னு சொல்லு" என்று அழுவதும் இவரிடம்தான். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கை விடுவதில்லை. காலை எடுத்ததற்கே தான் காரணம் என்பது போன்ற குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டிக்கு வேறு யார் இருக்கிறார்? எல்லை போட்டுக்கொள்ளலாம். வலி எங்கே, சாப்பிட்டாரா, கழிவறைக்குப் போக வேண்டுமா என்பவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். அறுவைக்குச் சம்மதம், புற்றுநோய், மரணச் செய்தி என்றால், "டாக்டர், இதைத் தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ டாக்டரோ குடும்பத்தாரோ சொல்லட்டும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு வழியில்லாமல் நீங்களே சொல்ல நேர்ந்தால் நடுவில் நிற்காமல் பாட்டியின் பக்கவாட்டில் நில்லுங்கள்; மருத்துவரின் முகம் பாட்டியை நோக்கி இருக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாங்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் "டாக்டர் சொல்றாரு" என்று தொடங்குங்கள். கேட்க இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் முடிவு யாருடையது என்பதைப் பாட்டிக்கும் உங்களுக்கும் அதுதான் ஞாபகப்படுத்தும். இரக்கப்பட்டு "சின்ன ஆப்பரேஷன்தான் பாட்டி" என்று சேர்க்கக் கூடாது. பெரும்பாலும் பின்னால் குத்துவது அந்த ஒரு சொல்தான். "என் இடத்துல நீயா இருந்தா என்ன செய்வ?" என்று பாட்டி கேட்டால், "டாக்டர்கிட்ட கேளுங்க பாட்டி, நான் கூப்பிடறேன்" என்பதோடு நிறுத்துங்கள். பிறகு அந்தக் கால் மணி நேரத்தைச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழிவறை துடைக்காதது உங்கள் பெயரில் குறையாக ஏறும். நல்லது செய்து திட்டு வாங்குவதைப்போல் ஆளைக் கசக்கும் விஷயம் வேறில்லை.

பிணவறைக்குப் போகும் வழி

உடலைத் தள்ளிக்கொண்டு போவது அட்டெண்டனின் வழக்கமான வேலை. வழக்கமானது என்பதால் பாதிக்காது என்று பொருளில்லை. பேரிடர்களில் உடல்களைக் கையாண்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சில விஷயங்களைக் காட்டியிருக்கின்றன. முன்கூட்டியே தெரியாமல் பார்ப்பதும், குழந்தையின் உடலும், இறந்தவரோடு ஏதோ வகையில் தன்னை இணைத்துக்கொள்வதும்தான் மிக ஆழமாகப் பதிகின்றன. தன் மகனின் பள்ளிச் சட்டை போலவே ஒரு சட்டை, தன் அப்பாவின் கைக்கடிகாரம் போல ஒன்று கண்ணில் பட்டால் போதும்.

இதிலிருந்து வரும் நடைமுறை எளியது. கூப்பிடும்போதே "சின்னப் பிள்ளை" அல்லது "விபத்துக் கேஸ்" என்று சொல்லிவிட வேண்டும்; போய்த் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். அடையாளச் சீட்டைச் சரிபார்க்க எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவு பார்த்தால் போதும். முகத்தையும் உடைமைகளையும் கைப்பேசியில் வந்துகொண்டிருக்கும் அழைப்பின் பெயரையும் பார்க்க வேண்டாம். ஒரே ஷிப்டில் ஒருவரையே மூன்றாம் தடவை அனுப்பாமல் முறை வைக்கலாம். அன்று வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருக்கும் அட்டெண்டனுக்குப் பதிலாக இன்னொருவர் போக முன்வந்தால் அதைக் கோழைத்தனமாகப் பேசக் கூடாது.

வீட்டுப் பின்வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே நுழையும் பழக்கத்தை இளையவர்கள் சிலர் மூடப்பழக்கம் என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்ய வேண்டாம். வேலை இதோடு முடிந்தது என்று உடலுக்குத் தெரிவிக்கும் ஒரு செயல் எல்லாருக்கும் தேவை. தமிழருக்கு அது தீட்டுக் குளியலாக ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிருமி விஷயத்துக்காக ஆஸ்பத்திரியிலேயே உடை மாற்றி, சீருடையைத் தனிப் பையில் கொண்டுவந்து வீட்டுத் துணியோடு கலக்காமல் துவைப்பது இன்னும் நல்லது. பழக்கம் எங்கே தொல்லையாகிறது என்றால், கெட்ட கனவு வந்ததும் "காத்து கருப்பு பட்டிருச்சு" என்ற பயம் தொடங்கும் இடத்தில். கடுமையானதைப் பார்த்தபின் முதல் சில நாள் கனவும் திடுக்கிடலும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுக் கயிறு கட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கண்முன் வந்து, அந்த லிப்டில் ஏறவே கால் மறுக்கிறது என்றால் கயிறு மட்டும் போதாது.

மேலதிகாரிகளுக்கு ஒன்று: மோசமான சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து "என்ன பார்த்தாய், என்ன உணர்ந்தாய், சொல்" என்று ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பிற்கால மனப் பாதிப்பை அது தடுப்பதில்லை. தேவை மிகச் சாதாரணமானது: உட்காரவைத்து மைலோவோ தேத்தண்ணீரோ கொடுப்பது, இப்போது என்ன வேண்டும் என்று கேட்பது, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் விடுவது, வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவார் என்று பார்ப்பது, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு தடவை விசாரிப்பது. இந்தக் கடைசியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஊசிக் குத்தும் மூன்று மாதக் காத்திருப்பும்

கறுப்புப் பையில் இருக்கக் கூடாத ஊசி இருக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய ஊசிப் பெட்டியிலிருந்து முனை எட்டிப் பார்க்கும். பையைக் கழுத்தில் பிடிக்காமல் அடியில் கை கொடுத்தால், உடம்போடு அணைத்துத் தூக்கினால், காற்றை அமுக்கி வெளியேற்றினால் குத்து விழும். விழுந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இரத்தத்தைப் பிதுக்க வேண்டாம். உடனே சூப்பர்வைசரிடம் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று மருத்துவர் முடிவெடுத்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும்; குமட்டலும் அசதியும் வரும்.

உண்மையில் எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே வேலையில் சேரும்போதே அந்தத் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் நிம்மதிக்கு முதல் வழி. ஆனால் மறு பரிசோதனை ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் என்று நீளும்போது ஆயிரத்தில் மூன்று என்ற கணக்கு யாருக்கும் ஆறுதல் தருவதில்லை. அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், இரத்த தானம் கூடாது. இதை வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் அதிகம் உடைகிறார்கள். மாத்திரைப் போத்தலை மனைவியோ கணவனோ கண்டுபிடித்துச் சந்தேகம் கிளம்பும். கூச்சமாக இருந்தால் துணையையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவரையே விளக்கச் சொல்லலாம். எழுத்தில் புகார் பதிந்தால்தான் பின்னால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) இழப்பீடு கோர முடியும். வருகைப் படி வெட்டுப்படும், "கவனமில்லாதவள்" என்ற பெயர் வரும் என்று பயந்து மறைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இரவு ஷிப்ட்

எரிச்சல், சட்டென்று அழுகை, பிள்ளைகள்மேல் பாய்வது ஆகியவற்றை மனக்கோளாறு என்று எண்ணுவதற்கு முன் தூக்கக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை வேலை, ஒன்பது மணிக்குப் படுக்கை என்றால், கடைசிக் கோப்பி அதிகாலை மூன்று மணிக்கு முன். காப்பீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். வேலைக்கு வருமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குவது, நடுவில் அனுமதி இருந்தால் 20 நிமிடம் கண்ணயர்வது இரண்டும் உதவும். 20 நிமிடத்தைத் தாண்டினால் எழும்போது தலை பாரமாக இருக்கும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பிறை, பட்டர்வொர்த் திரும்புகிறவர்கள் கண் எரிந்தால் அந்த 20 நிமிடத்தைப் புறப்படுமுன் கிளம்பும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள். பாலத்தில் ஒதுங்கிப் படுக்க இடமில்லை. வீட்டில் மாமியாரோ பிள்ளைகளோ பகல் பன்னிரண்டுக்கு எழுப்பாமல் இருக்கக் கதவில் ஒரு தாளில் எழுந்திருக்கும் நேரத்தை எழுதி ஒட்டுவது சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். இரவு வேலை செய்த பெண்ணே காலையில் சமைத்து முடித்துத்தான் படுக்க வேண்டும் என்ற வீட்டுச் சட்டத்தை எந்த மூச்சுப் பயிற்சியும் சரிக்கட்டாது.

இன்னொன்றைக் கவனிப்பதில்லை. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வார்டில் ஓடினால், கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இனம்புரியாத பயம் வரும். பார்க்க மனப்பதற்றம் போலவே இருக்கும். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இரவு ஷிப்டுக்கு மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளினிக்கில் கேட்காமல் தானாக மாற்றக் கூடாது.

ஷிப்ட் முடிந்ததும் இரண்டு கேன் பீர் தூக்கத்தை வரவழைக்கும் என்பது பாதி உண்மை. கண் மூடும், பின்பாதித் தூக்கத்தை அது உடைத்துவிடும், கனவுகளும் கூடும். இரண்டு மூன்றாகி, மூன்று சாம்சுவாகும்போது (மலிவுச் சாராயமாகும்போது) கேள்வி தூக்கத்தைப் பற்றியதாக இருக்காது.

ஷிப்டின் நடுவில் நெஞ்சு அடைத்தால் செய்யக்கூடியது: அழுக்கறைக்கோ காலி லிப்டுக்கோ போய், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவது, பன்னிரண்டு தடவை; இரண்டு நிமிடம் ஆகும். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் தலை சுற்றும். அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி நில்லுங்கள்.

மருத்துவமனைத் துப்புரவு ஊழியர்களில் சிலர் தம் வேலையை நோயாளியைக் குணமாக்கும் வேலையின் பகுதியாகவே பார்க்கிறார்கள், அவர்களுக்கு வேலையில் நிறைவும் அதிகம் என்று 2001-இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை நம் ஊர்க் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைச் சம்பளத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் பதிலாகக் காட்டக் கூடாது. நான்கு பேர் வேலையை இரண்டு பேர் செய்யும் வார்டில் அந்தப் பார்வை ஒரு வாரம் தாங்காது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே தன் நோக்கங்களில் ஒன்றாக ஊழியரின் உடலுக்கும் உளத்துக்கும் ஏற்ற வேலைச் சூழலைச் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் அங்கு வேலை செய்பவர்மேல் கடமை உண்டு என்கிறது. "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று மருத்துவமனை சொல்வது இனி முழு விடையாகாது.

வெளி உதவி தேவைப்படும்போது

இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் ஆசையில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே வாந்தி வருகிறது என்றால் அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்ட வேண்டும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். மனநிலைக்கான கேள்வித்தாளை அங்கேயே நிரப்பலாம். மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவு குத்தகை ஊழியரையும் ஏற்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுப் பார்க்கலாம். தொலைபேசியில் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, காலை எட்டு முதல் நள்ளிரவு வரை. பிஃபிரெண்டர்ஸ் (Befrienders) கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று எடுத்ததும் கேளுங்கள். எல்லா வேளையும் கிடைக்கும் என்பதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் எந்த அவசரப் பிரிவுக்கும் நேரே போகலாம். தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமில்லை; போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

கிளினிக்கில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடம். "மனசு சரியில்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு திரும்ப வாய்ப்புண்டு. எத்தனை மணி நேரம் தூக்கம், எந்தத் தேதியிலிருந்து, அதற்கு முன் வார்டில் என்ன நடந்தது, வாரத்துக்கு எத்தனை இரவு ஷிப்ட், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மலாயில் எழுத முடியாவிட்டால் மகனையோ மகளையோ எழுதச் சொல்லாமல், ஷிப்டில் நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள்; பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாதவை அந்தத் தாளில் இருக்கலாம்.